மகேந்திரராஜாவின் வலது கை

1975ஆம் ஆண்டு மெல்பேர்னில் மகேந்திரராஜாவுக்கு முப்பத்துமூன்று வயது. அவருடைய வலது கைக்கு எழுபது. தோள்மூட்டுவரை இறுகிய இளந்தாரி உடம்பு, அதற்குக் கீழே நரைத்த மயிரும் தொங்கிய தோலும் புடைத்த நரம்புமாக ஒரு கிழவனின் கை. சட்டைக்கு வேறு துணியில் கை வைத்துத் தைத்ததுபோல இரண்டுக்கும் நடுவில் எல்லை தெளிவாகத் தெரியும். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உன் தகப்பனின் படத்தை மாற்றிக் கொண்டுவந்துவிட்டாயா என்று கேட்டார். தகப்பன் யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில் இருக்கிறார், அவருக்கு அறுபதுதான் ஆகிறது என்று மகேந்திரராஜா சொன்னார். டாக்டர் மூட்டுவாதக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அது நல்ல களிம்புதான். அந்தக் காலத்தில் அவர் குடியிருந்த ஃபுட்ஸ்கிரேயின் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைத்தது.

கை சும்மா கிழடாகவில்லை. பந்து எறிந்து எறிந்தே கிழடானது. 1966இல் பொறியியல் படிக்கவென்று வந்த மகேந்திரராஜா, இரண்டு தரம் பரீட்சையில் குப்புற விழுந்த பிறகு, ஊருக்கு அதைச் சொல்ல முகமில்லாமல் ஆற்றங்கரையில் ஒரு கம்பளிக் கிடங்கில் பொதி தூக்கினார். ஒருநாள் பொதிகளை இழுக்கும் இரும்புக் கொக்கி ஒன்று கீழே விழுந்துவிட, மூன்றாம் மாடியில் நின்றவன் அதைத் தரச்சொல்லிக் கத்தினான். ஏணியில் ஏறப் பஞ்சிப்பட்ட மகேந்திரராஜா கொக்கியைக் கீழிருந்தே எறிந்தார். அது போய் அவன் தலைக்கு மேல் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிக்கொண்டு ஆடியது. கிடங்கு முதலாளிக்கு ஒரு பேஸ்போல் கிளப் சொந்தமாக இருந்தது. அவர் மகேந்திரராஜாவைப் பொதிகளிடமிருந்து பிரித்து மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். யாழ்ப்பாணத்தில் கல்லூரிக் கிரிக்கெட் அணியிலிருந்து, பந்து போடவில்லை, எறிகிறான் என்று விரட்டப்பட்டவர் அவர். பேஸ்போலிலோ எறிவதற்கென்றே ஒரு ஆள் உண்டு, பிட்சர் என்பார்கள். அந்த ஆள் எறிய, எதிரே மட்டையோடு நிற்பவன் மூன்று முறை கோட்டைவிட்டால் வெளியே போகவேண்டும். மகேந்திரராஜாவின் பந்து மட்டைக்கு ஒரு முழம் முன்னால், படிக்கட்டில் கால் தவறியதுபோல, பொத்தென்று கீழே இறங்கும். அதை அடித்தவர்கள் குறைவு. பொழுதுபோக்குக்கு எறிகிறவர்கள் ஊரெல்லாம் இருந்த காலத்தில் அவர் அதற்கென்றே சம்பளம் வாங்கினார். சனிக்கிழமைகளில் ஆயிரம் வெள்ளைக்காரர் தங்கள் வாய்க்கு வசதியாக ‘மேக், மேக்’ என்று அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மற்ற நாட்களில் அதே ஆட்கள் ட்ராமில் அவருக்குப் பக்கத்து இருக்கையைக் காலியாகவே விட்டுவைத்தார்கள்.

முதல் நரைமயிர் முதல் வருடமே வந்துவிட்டது. அதைப் பிடுங்கி எறிந்தார். அடுத்த வருடம் தோல் தளர்ந்தது. முழுக்கைச் சட்டைக்கு மாறினார். மூன்றாம் வருடம் தலைக்குப் பூசும் கறுப்பு மையைக் கைக்குப் பூசத் தொடங்கினார். எறிகிற ஒவ்வொரு பந்துக்கும் கை கொஞ்சம் வயதாகிறது என்பது அவருக்கு எப்போதோ விளங்கிவிட்டது. விளங்கியும் எறிந்தார். அவரைக் குற்றம் சொல்வது சுலபம். அந்த நாட்டில் அவருடைய பெயரை யாராவது கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான்.

1970இல் ஊருக்குப் போய்ச் சிவனேஸ்வரியைக் கட்டிக் கூட்டிவந்தார். அப்போது கைக்கு நாற்பத்தைந்து இருக்கும். தாலி கட்டும்போது அது பெரிதாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டுக் குளிரில் உழைத்தவர் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். சிவனேஸ்வரி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அழுதழுது குளிரைப் பழகினாள், பிறகு குசினியைப் பழகினாள், பிறகு ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தாள். 1972இல் தங்கியது நான்காம் மாதத்தில் போயிற்று. 1974இல் தங்கியது ஆறாம் மாதத்தில் போயிற்று, அது ஆண்பிள்ளை. இரண்டும் ஆட்ட காலத்தின் நடுவில் நடந்தவை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் குசினிக் கதிரையில் இருந்தபடி, தேநீரைக் கிண்டிக்கொண்டிருந்த அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். அது போன மாதத்தைவிடக் கிழடாக இருந்தது.

“நான் பிள்ளை வேணுமெண்டு கேட்டன்” என்றாள். “நீங்கள் ஒரு கிழவனைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியள். என்ரை பிள்ளையளின்ரை வயசெல்லாத்தையும் உந்தக் கைதான் திண்டு முடிச்சது. இனி ஒரு பந்து எறிஞ்சியளெண்டால் நான் ஊருக்குப் போயிடுவன்.”

மகேந்திரராஜா வாதாடவில்லை. அவருக்கும் உள்ளூர அதே பயம்தான். அடுத்த சனிக்கிழமை முதலாளியிடம் போய், இனி எறியமாட்டேன் என்றார். முதலாளி ஊத்தைப் பேச்சு பேசினார். பிறகு யோசித்து அவரைக் கோச் ஆக்கினார்.

கோச் வேலை பெரும் கரைச்சலாகப் போயிற்று. பந்து எப்படி எறிவது என்பதை எறிந்து காட்டாமல் சொல்லிக்கொடுக்க மனிதரால் முடியாது. மகேந்திரராஜா இடது கையால் காட்டிப் பார்த்தார். கோழிக்குத் தீன் போடுவதுபோல இருந்தது. வாயால் விளக்கிப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் கட்டிடங்களுக்கும் பாலங்களுக்கும் படித்த ஆங்கிலம். புதுப் பிட்சர் கெவின் நல்ல பையன், பலசாலி, ஆனால் அவனுடைய பந்து நேர் ரோட்டில் போகிற பஸ்போல நேராகவே போயிற்று. எதிரணிகள் சிரித்துக்கொண்டே அடித்தன. மூன்று பருவங்கள் கிளப் தோற்றுத் தோற்றுப் பட்டியலின் அடியில் கிடந்தது. அணி கலைந்தால் மகேந்திரராஜா திரும்பவும் பொதிகளுக்கு அடியில் போகவேண்டியதுதான். அதற்கெல்லாம் அவர் ஆயத்தமாக இருந்தார். ஒரு பிள்ளை உயிரோடு வந்தால் போதும் என்று, சிவனேஸ்வரிக்கு மாதம் தவறினால் சிரித்து, மாதம் வந்தால் கராஜுக்குள் போய் அழுதுவிட்டு வருவார்.

எறிவதை நிறுத்திய கை, மற்றக் கைகளைப்போல வருடத்துக்கு ஒரு வயதுதான் ஏறியது. ஆனால் கிழவர்களுக்குரிய குணங்கள் எல்லாம் அதற்கு வந்து சேர்ந்தன. விடியுமுன் எழும்பி, ஒருநாளும் போட்டிராத மூக்குக்கண்ணாடியை மேசையில் தடவித் தேடும். பத்துமணிக்கு ஒரு குட்டித் தூக்கம் போடும். குளிர்காலத்தில் வெந்நீர்ப் பை இல்லாவிட்டால் அன்று முழுவதும் கோபத்தில் ஒரு பொத்தானும் பூட்டாது. பழைய சோற்றைக் கண்டால் பிசையாது. சிவனேஸ்வரி அதனோடு நேரே பேசமாட்டாள். மாமனாருக்கு வைப்பதுபோலத் தேநீரை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

இதற்கிடையில் மெல்பேர்ன் தமிழருக்கு அந்தக் கையின் தேவை வந்தது. அக்காலத்தில் இந்த நகரத்துத் தமிழர் முழுவதையும் இரண்டு பஸ்ஸில் அடைத்துவிடலாம். எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் இளவயதுக்காரர். தலை நரைத்த ஒரு சீவன் கிடையாது. அப்பா அம்மாவெல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம். நித்தியானந்தனின் கலியாணம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தபோது தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் குனிந்து நின்றார்கள். அறுகம்புல்லும் அரிசியும் கலந்து தலையில் போட்டு ஆசீர்வதிக்க மூத்தவர் ஒருவர் வேண்டும். புல்லுக்குப் பஞ்சமில்லை, பேஸ்போல் மைதானத்தில் மண்டிக் கிடந்தது முழுக்க அறுகுதான், மகேந்திரராஜாவே ஒரு பை நிறையப் பிடுங்கி வந்திருந்தார். மூத்தவருக்குத்தான் பஞ்சம். எல்லாக் காரியங்களையும் தலையில் தூக்கிப்போட்டு நடத்துகிற யோகேஸ்வரன் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“என்ன முழுசிக்கொண்டு நிக்கிறியள்? மகேந்திரண்ணையின்ரை கை இருக்குதுதானே” என்றார்.

கை நடுங்கிக்கொண்டே அறுகரிசியைத் தூவியது. பெண்ணின் தலையில் ஒரு கணம் தங்கி, உச்சியைத் தடவியது. அங்கே நின்ற பெண்கள் எல்லாரும், தங்கள் கலியாணத்தில் தங்களைத் தடவ ஒருவர் இல்லாமல் போனதை நினைத்து விம்மினார்கள். அன்றிலிருந்து அந்தக் கையில்லாமல் ஒரு நல்ல காரியமும் நடக்கவில்லை. வெரிபீயில் ஒரு வீட்டுக்கு அத்திவாரக் கல் எடுத்து வைத்தது. சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கலியாணத்துக்கு ரயிலில் முதல் வகுப்பில் போய் வந்தது. கையோடு போன மகேந்திரராஜாவுக்கும் அதே வகுப்புத்தான். சென்னையிலிருந்து வந்திருந்த பார்த்தசாரதி தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஆமா சார், எங்க பக்கத்துலயும் பெரியவங்க கை பட்டா நல்லதுன்னுதான் சொல்லுவாங்க” என்று அந்தக் கையின் அடியில் பிள்ளையின் தலையைக் காட்டினார். கைக்கு உறை பின்னிக் கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், தீபாவளிக்கு முதல் பலகாரத்தை அதன் உள்ளங்கையில் வைத்தார்கள். கைக்கு மெல்ல மெல்லத் தலைக்கனம் ஏறியது. மகேந்திரராஜா கைகுலுக்க நீட்டினால் அது நீளாது. தன்னைவிட வயதில் இளையவர்களோடு அது கைகுலுக்குவதில்லை. ஊரார் பிள்ளைகளை எல்லாம் அது தடவிக்கொடுப்பதைச் சிவனேஸ்வரி மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு எழும்பிப் போய்க் கார் பக்கத்தில் நிற்பாள்.

1977இல் மூன்றாவது தங்கியது. நான்காம் மாதம் தாண்டியது, ஆறாம் மாதம் தாண்டியது. சிவனேஸ்வரி மெதுவாக நடந்தாள், மெதுவாகச் சிரித்தாள், கடையில் ஒரு சோடி சின்னச் சப்பாத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பயந்து திரும்ப வைத்தாள். எட்டாம் மாதம் தொடங்கிய வாரத்தில் பிள்ளையின் துடிப்பு குறைந்தது. பிறகு அசையவே இல்லை. டாக்டர்கள் குழலை வைத்துக் கேட்டார்கள். இதயம் இருக்கிறது, ஆனால் யோசித்து யோசித்து அடிக்கிறது என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கச் சொன்னார்கள். தானே நேர்ஸாக இருந்த சிவனேஸ்வரிக்கு அப்படிச் சொல்லி அனுப்புவதன் அர்த்தம் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. மகேந்திரராஜாவைக் கட்டிலில் இருத்தி, அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். ஏழு வருடத்தில் முதன்முதலாக அதனோடு பேசினாள். “ரண்டைத் திண்டியள். நான் ஒண்டும் கேக்கேல்லை. ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் குடுக்கிறியள், எனக்கு இந்த ஒண்டைத் தாங்கோ” என்றாள். கை வயிற்றிலிருந்து நழுவியது. அவள் திரும்ப எடுத்து வைத்தாள். அது திரும்பவும் நழுவி, மகேந்திரராஜாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டது. அந்த வயதில் உயிர்மேல் ஆசை கூடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மகேந்திரராஜாவுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது; தன் உடம்பின் ஒரு துண்டு தன் பிள்ளைக்கு எதிராக நிற்கிறது, அதைத் தன்னால் அசைக்க முடியவில்லை.

“உது இடம் விடாது” என்றாள் சிவனேஸ்வரி. “வீட்டிலை ஒரு கிழடு போனால்தான் ஒரு பிள்ளை வரும். எங்கடை வீட்டுக் கிழடு போகமாட்டன் எண்டு நிக்குது. நாளைக்கு ஆட்டம் இருக்குதெல்லே? போய் எறியுங்கோ.”

“நீர்தானே எறிஞ்சால் ஊருக்குப் போயிடுவன் எண்டனீர்?”

“அது அப்ப. இப்ப எறியுங்கோ. அது சாகும்வரைக்கும் எறியுங்கோ.”

செய்தி எப்படியோ பரவி, விடிய வாசலில் கார்கள் நின்றன. யோகேஸ்வரன் உள்ளே வந்து கதிரையில் இருக்காமலே பேசினார். சித்திரையில் ஐந்து கலியாணம் இருக்கிறது, பெரியவர் ஒருவரை இப்படி நாங்களே சாகக்கொடுப்பதா, நாளைக்கு யார் எங்களுக்கு அறுகரிசி போடுவது என்று கேட்டார். பின்னால் நின்றவர்களில் சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. மகேந்திரராஜா எல்லாவற்றையும் கேட்டார். அவரவர் நியாயம் அவரவருக்கு. அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதை அவர் வெளியே சொல்லவில்லை. இந்தக் கை இல்லாத மகேந்திரராஜாவை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? மைதானத்தில் ‘மேக்’ என்று கூப்பிட்டதும் இதைத்தான், மண்டபத்தில் முன்வரிசைக் கதிரை போட்டதும் இதற்குத்தான். அவர் சட்டையைப் போட்டார். இடது கையால் பொத்தான் பூட்ட நெடுநேரம் எடுத்தது, வலது கை உதவவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிவனேஸ்வரியும் காரில் ஏறினாள்.

1978 மாசி மாதத்து வெயில் அன்று நூறு பாகைக்கு மேல். அந்த ஆட்டத்தில் தோற்றால் கிளப்பை மூடுவதாக முதலாளி ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். கெவின் இரண்டு மணிநேரம் அடி வாங்கிக் களைத்து நின்றபோது, கோச் தானே பந்தை வாங்கிக்கொண்டு, பிட்சர் நின்று எறிகிற நடுமேட்டில் ஏறினார். எழுபதைத் தாண்டியிருந்த கை பந்தைப் பிடிக்க மறுத்து விரல்களைச் சுருட்டி வைத்திருந்தது. மகேந்திரராஜா இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, பந்தின் சிவப்புத் தையலின்மேல் வைத்தார். “அப்பு, ஒருக்கா” என்று பாட்டனைக் கெஞ்சுவதுபோலக் கெஞ்சினார். தையல் பட்டதும் கை நின்று யோசித்தது. பிறகு, பழைய சிநேகிதனைச் சந்தையில் கண்ட கிழவனைப்போல, அதன் பிடி மாறியது.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. பந்து போய் மட்டைக்கு ஒரு முழம் முன்னால் பொத்தென்று இறங்கியது. மூன்று வருடமாக அந்தப் பந்தைக் காணாத கூட்டம் எழுந்து நின்றது. அடுத்த பந்துக்குக் கையின் மயிர் முழுவதும் வெளுத்தது. அதற்கடுத்ததற்குத் தோல் கழன்ற உறைபோலத் தொங்கியது. மட்டைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து காற்றை வெட்டிவிட்டுப் போனார்கள். கைக்குத் தொண்ணூறு ஆயிற்று, நூறு ஆயிற்று. எலும்பு வெயிலில் தெரிந்தது. ‘மேக், மேக்’ என்று ஆயிரம் பேர் கத்தினார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. பக்கத்து வாங்குப் பலகையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வயிற்றில் வைத்தபடி இருந்த சிவனேஸ்வரியை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு பந்துக்கும் அவள் இல்லை என்று தலையாட்டினாள். அசையவில்லை. இன்னும் அசையவில்லை. எறிகிறவரின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வியர்வை என்று கெவின் நினைத்துத் துவாயைக் கொண்டுவந்தான், அவர் வேண்டாம் என்றார். கடைசி ஆளுக்குக் கடைசிப் பந்தை எறிய அவர் கையை உயர்த்தியபோது, கை தானாகவே இன்னும் சற்று மேலே போனது. கலியாண வீட்டில் அறுகரிசி போடுவதற்கு எடுக்கிற அதே உயரம். பந்து விரலை விட்டுப் பிரிந்தது. கை அந்தரத்திலேயே செத்தது. பந்து மட்டும் தன்பாட்டில் போய், மெதுவாக, மட்டைக்காரன் இரண்டு தரம் வீசி முடிந்த பிறகு அவனைத் தாண்டி இறங்கியது. நடுவர் கையைத் தூக்கினார்.

“அசையுது!” என்று சிவனேஸ்வரி கத்தினாள். “இஞ்சேருங்கோ, உதைக்குது, உதைக்குது!” குடை காற்றில் உருண்டு போயிற்று. மகேந்திரராஜா மேட்டில் முழந்தாளிட்டு, சின்னப்பிள்ளைபோல வாய்விட்டு அழுதார். அன்று கிளப் வென்றதென்று சொல்கிறார்கள். நம்மவர்களில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் கை, பழுத்த தென்னோலை கழல்வதுபோல, இரத்தமில்லாமல் தோளிலிருந்து கழன்றது. முறைப்படி எரித்தார்கள், சாம்பலை மைதானத்துக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் கரைத்தார்கள். செத்தது கை என்றால் கைக்குச் சொந்தக்காரருக்குத் துடக்கு, அதாவது தீட்டு, உண்டா என்று ஒரு பிரச்சினை எழும்பியது. யோகேஸ்வரன் ஊரில் இருக்கிற ஐயருக்குத் தொலைபேசி எடுக்கப் பார்த்து, இணைப்புக் கிடைக்காமல் தானே தீர்ப்புச் சொன்னார்: ஒரே வீட்டில் இருந்த பெரியவர், ஆகவே முப்பத்தொரு நாள். அதற்குள்ளேயே பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை, நல்ல நிறை, நல்ல குரல். செத்த துடக்குக்குள் பிறந்த துடக்கு வந்தால் முதலாவதோடு இரண்டாவதும் போகும் என்பது முறை. ஒரே நாளில் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியும் செய்து, துடக்கும் கழித்து, ஒரே அடுப்பில் இரண்டுக்கும் சமைத்தார்கள். பிள்ளையின் வலது கை முழங்கைவரை சுருங்கியிருந்தது. பிறந்த பிள்ளைகளின் கை அப்படித்தான் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது கை ஏன் அப்படி இல்லை என்று சிவனேஸ்வரி கேட்கவில்லை. யோகா என்று பெயர் வைத்தார்கள்.

முதலாளி மகேந்திரராஜாவைக் கோச்சாகவே வைத்துக்கொண்டார். இடது கையால் கோழிக்குத் தீன் போடுவதுபோல எறிந்து காட்டுவார். கெவினுக்கு ஒருநாள் அது விளங்கிவிட்டது, அவனுடைய பந்தும் இறங்கத் தொடங்கியது. ட்ராமில் பக்கத்து இருக்கை முன்போலவே காலியாக இருந்தது. இப்போது அதில் பிள்ளையை இருத்திக்கொள்ள வசதியாக இருந்தது.

1979 ஆவணியில் கணேசலிங்கத்தின் கலியாணம். தாலி கட்டியானதும் மாப்பிள்ளையும் பெண்ணும் பழக்கத்தில் குனிந்துவிட்டார்கள். ஆசீர்வதிக்க ஆளில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. யோகேஸ்வரன் சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அறுகரிசித் தட்டத்தை வரிசை வரிசையாகக் கொடுத்தனுப்பினார். பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில், சிவனேஸ்வரியின் மடியில் இருந்த யோகாவுக்கு அப்போது ஒன்றரை வயது. தட்டம் தன் பக்கமாக வந்தபோது அவள் வலது கையால் ஒரு பிடி அள்ளி எறிந்தாள். அறுகரிசி பதினெட்டு வரிசைகளுக்கு மேலால் போய், மணவறைக்கு ஒரு முழம் முன்னால் பொத்தென்று இறங்கி, இரண்டு தலைகளிலும் சரிபாதியாக விழுந்தது. மணமக்கள் நிமிர்ந்தார்கள். மேளத்துக்குப் பதிலாக வைத்திருந்த டேப் ரெக்கோடரை யாரோ திரும்பப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கலியாணங்களுக்கு, சாப்பாட்டுப் பந்தியில் முதல் இலையை அவளுக்கே போட்டார்கள். மகேந்திரராஜா பக்கத்தில் இருந்து இடது கையால் அவளுக்குச் சோறு தீத்துவார். சிவனேஸ்வரி அவளுடைய வலது கைக்குப் பக்கத்தில் தேநீர் வைப்பாள். பழைய சோறென்றால் அந்தக் கை தொடாது.